காற்றாலையின் அளவைக் கப்பல்துறை சொல்லட்டும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு எதிரே வில்லிங்டன் தீவு. தீவுக்கு அந்தப் பக்கம், எர்ணாகுளம் கரையில், கொச்சின் ஷிப்யார்ட். 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த் அங்கேதான் கட்டப்பட்டது. அதன் நீளம் 262 மீட்டர். ஐரோப்பியக் கடல்களில் இப்போது நிறுவப்பட்டுவரும் 15 மெகாவாட் காற்றாலை ஒன்றில் இறக்கைகள் சுற்றிவரும் வட்டத்தின் குறுக்களவு 236 மீட்டர். அந்தக் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் பணியாளர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறப்புக் கப்பல்களைக் கட்டும் வேலையும் இதே ஷிப்யார்டுக்கு வந்திருக்கிறது. சைப்ரஸைச் சேர்ந்த பெலாஜிக் விண்ட் சர்வீசஸ் நிறுவனமும் ஸ்காட்லாந்தின் நார்த் ஸ்டார் நிறுவனமும் கொச்சியில் கப்பல் கேட்டிருக்கின்றன. வட கடலின் காற்றாலைக்குக் கொச்சியில் கப்பல் உருவாகிறது. இந்தியக் கடலிலோ மின்சாரம் தரும் காற்றாலைப் பண்ணை ஒன்றுகூட இன்னும் எழவில்லை. எழுவதற்கு முன்பே நாம் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எவ்வளவு பெரிய காற்றாலை? சந்தையில் அன்றைக்கு எது பெரிதோ அதை வாங்கிவிடலாம் என்பது எளிதான பதில். அது நமக்கு ஆகாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கடலில் ஓடிக் காட்டிய ஓர் அளவைத் தேர்ந்து, பத்தாண்டுகளுக்கு அதை மாற்றாமல் வைத்து, துறைமுகம், கப்பல், தொழிற்சாலை எல்லாவற்றையும் அந்த அளவுக்கு எழுப்ப வேண்டும்.

வளர்ச்சி எவ்வளவு வேகமானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1986இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் எழுந்தபோது, அவற்றில் ஒன்று தூத்துக்குடிப் பக்கம் அமைந்தது. அங்கே நின்ற இயந்திரம் ஒவ்வொன்றின் திறன் 55 கிலோவாட். உலகில் கடலுக்குள் எழுந்த முதல் பண்ணை டென்மார்க்கின் விண்டபி. 1991இல் கரைக்கு அருகே ஆழமில்லாத நீரில் 11 காற்றாலைகள். ஒவ்வொன்றும் 450 கிலோவாட், சுழல்வட்டம் 35 மீட்டர். அதே டென்மார்க்கில் 2002இல் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணைக்கு 2 மெகாவாட் இயந்திரங்கள் 80 வந்தன. விண்டபியை 2017இல் பிரித்தெடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 2022 டிசம்பரில், வெஸ்டாஸ் நிறுவனத்தின் 15 மெகாவாட் மாதிரி டென்மார்க்கின் ஓஸ்டரில்ட் சோதனைத் தளத்தில் சுழலத் தொடங்கியது. சீனாவின் டோங்ஃபாங் எலெக்ட்ரிக் 2024 அக்டோபரில் 26 மெகாவாட் இயந்திரத்தை வெளியே கொண்டுவந்தது. அதன் சுழல்வட்டம் 310 மீட்டருக்கும் மேல். கொச்சின் ஷிப்யார்டில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய உலர்துறையின் நீளமே 310 மீட்டர்தான்.

ஏன் இந்த வளர்ச்சி? காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இறக்கைகள் அளாவும் பரப்பைப் பொறுத்தது. இறக்கையை இரண்டு மடங்கு நீட்டினால் பரப்பு நான்கு மடங்காகிறது. 35 மீட்டர் வட்டத்தின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 236 மீட்டர் வட்டத்தின் பரப்பு 43,700 சதுர மீட்டருக்கும் அதிகம். கூடவே உயரமும் கிடைக்கிறது; மேலே போகப்போகக் காற்று வலுவாகவும் சீராகவும் வீசும். காற்றின் வேகத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவு இன்னும் கூர்மையானது, அது மும்மடிக் கணக்கு. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 9 மீட்டராக உயர்ந்தால் அதிலுள்ள ஆற்றல் இரு மடங்கைத் தாண்டிவிடும். நிலத்தில் இந்த வளர்ச்சிக்குச் சாலையின் வளைவும் பாலத்தின் அகலமும் தடை போடுகின்றன. கடலில் அந்தத் தடை இல்லை. அங்கே செலவின் பெரும்பகுதி இயந்திரத்துக்கு வெளியே கிடக்கிறது: கடல் தரையில் அடிக்கும் அடித்தளம், கேபிள், தூக்கி நிறுத்தும் கப்பலின் வாடகை, இருபத்தைந்து ஆண்டுக்கான பராமரிப்பு. 500 மெகாவாட் பண்ணையை 5 மெகாவாட் இயந்திரங்களால் நிரப்பினால் 100 அடித்தளம் வேண்டும். 15 மெகாவாட் என்றால் 34 போதும். பணியாளர் ஏறி இறங்க வேண்டிய கோபுரங்களும் மூன்றில் ஒன்றாகக் குறைகின்றன. பிரிட்டனில் கடல் காற்று மின்சாரத்துக்கு அரசு உறுதியளித்த விலை, 2012ஆம் ஆண்டு விலைமதிப்பில், 2014இல் மெகாவாட் மணிக்கு 140 முதல் 150 பவுண்டு. 2022 ஏலத்தில் அது 37.35 பவுண்டுக்கு வந்தது. மலிவான கடனும் கடும் போட்டியும் இதில் பங்கு வகித்தன. ஆனாலும் பெரிய காற்றாலை இல்லாமல் இந்தச் சரிவு நடந்திருக்காது. ஆகவே பெரிதாவதே தவறு என்பது என் வாதம் அல்ல. 3 மெகாவாட் இயந்திரத்தைக் கடலில் கொண்டுபோய் நட்டால் அதன் மின்சாரத்தை வாங்க ஆள் இருக்காது.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. இறக்கை இரு மடங்கு நீளும்போது பரப்பு நான்கு மடங்கு, அதாவது வருமானம் நான்கு மடங்கு. அதே விகிதத்தில் எல்லாப் பக்கமும் பெருத்தால் எடையோ எட்டு மடங்கு. பொறியாளர்கள் கார்பன் இழையையும் புதிய வடிவங்களையும் கொண்டு இந்த எட்டைக் கணிசமாகக் குறைத்திருக்கிறார்கள், ஒழித்துவிடவில்லை. ஜெனரேட்டர் அடங்கிய நாசெல் என்னும் தலைப்பெட்டி மட்டும் இன்று ஐந்நூறு, அறுநூறு டன். கொச்சி உலர்துறையின் மேலே நிற்கும் மாபெரும் கேன்ட்ரி கிரேனின் தூக்குதிறன் 600 டன். விமானந்தாங்கிக் கப்பல்களையும் திரவ எரிவாயுக் கப்பல்களையும் மனதில் வைத்து நிறுவிய கிரேன் அது. அத்தகைய சுமையைக் கடல் நடுவே, நூற்றைம்பது மீட்டர் உயரத்துக்கு, காற்று நின்ற இடைவெளி பார்த்து ஏற்ற வேண்டும். கால்களைக் கடல் தரையில் ஊன்றி எழும் தனி வகைக் கப்பல்களே இதைச் செய்ய முடியும். அப்படி ஒரு கப்பலைத் திட்டமிட்டுக் கட்டி முடிப்பதற்குள் சந்தையில் இன்னும் பெரிய காற்றாலை வந்துவிடுகிறது. கடன் அடையும் முன்பே கப்பலின் கிரேன் சிறிதாகிப்போகிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கப்பல்களை வைத்திருப்பவர்கள் கிரேனை மாற்றுவதும் புதிய கப்பலுக்குப் பணம் தேடுவதுமாகவே இருந்திருக்கிறார்கள்.

காற்றாலை செய்பவர்களும் இதில் தப்பவில்லை. ஒரு மாதிரியை வடிவமைத்து, அச்சு செய்து, தொழிற்சாலை போட்டு, ஐந்நூறு ஆயிரம் என்று ஒரே வகையைச் செய்தால்தான் போட்ட முதல் திரும்பும். குறைகளும் அப்போதுதான் வெளியே தெரிந்து சரியாகும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிய மாதிரி என்றால் ஒவ்வொன்றும் பழகுவதற்குள் கைவிடப்படுகிறது. 2023 நிதியாண்டில் சீமென்ஸ் எனர்ஜி நிறுவனத்துக்கு 460 கோடி யூரோ நட்டம். அதன் காற்றாலைப் பிரிவான சீமென்ஸ் கமேசா நிலத்துக்காகப் புதிதாகக் கொண்டுவந்த 4.X, 5.X வகைகளின் தரக்குறைகள் அதற்கு முக்கியக் காரணம். ஜெர்மன் அரசு உத்தரவாதம் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் அமெரிக்காவின் வினியார்ட் விண்ட் பண்ணையில் ஜிஇ நிறுவனத்தின் 107 மீட்டர் இறக்கை ஒன்று உடைந்தது. நுரையும் கண்ணாடி இழையும் நான்டக்கெட் தீவின் கடற்கரைகளில் ஒதுங்கின. தொழிற்சாலையில் பசை சரியாகப் பிடிக்காமல் வெளியே வந்த இறக்கை அது என்று நிறுவனம் விளக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் மூன்று பெரிய கடல் திட்டங்கள் ஒப்பந்தம் ஆகாமலே விழுந்தன. அவை நம்பியிருந்த 18 மெகாவாட் காற்றாலையை ஜிஇ செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்திருந்தது. காகிதத்தில் மட்டும் இருந்த ஓர் இயந்திரத்தின் மேல் ஒரு மாநிலம் தன் மின்திட்டத்தை நிற்கவைத்திருந்தது. இயந்திரம் விலகியதும் திட்டமும் விலகியது. நம் ஏலக்காரர்கள் மேசைமேல் வைத்திருக்க வேண்டிய பாடம் இது. பிரிட்டனிலும் விலை இறங்கிக்கொண்டே போகவில்லை. 2023 ஏலத்தில் கடல் காற்றுக்கு ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அரசு உச்சவரம்பை உயர்த்திய பின் 2024இல் 54 முதல் 59 பவுண்டுக்கு முடிந்தது. எஃகின் விலை, வட்டி விகிதம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் பெரிதாக்கிக்கொண்டே போனால் விலை தானாக விழும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்துவிட்டது.

இனி நம் கடலுக்கு வருவோம். கொச்சிக்கு நேர் எதிரே அரபிக்கடலில் காற்றாலை நிற்குமா என்று கேட்டால், இப்போதைக்கு வாய்ப்பில்லை. கேரளத்தில் நல்ல காற்று கடலைவிட மலையிடுக்கில்தான் கிடைக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் உள்ள கஞ்சிக்கோட்டில் மாநில மின்வாரியம் 1990களின் நடுவில் நிறுவிய 9 காற்றாலைகளின் மொத்தத் திறன் 2.025 மெகாவாட், 15 மெகாவாட் இயந்திரம் ஒன்று அதைப்போல் ஏழு மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களுக்குள் நெருங்கிப் புகுந்து வேகமெடுத்துத் தமிழகத்தின் தென்கோடியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைக் காடு உருவானதும், கடல் காற்றுக்கு மன்னார் வளைகுடாவைத் தேர்ந்ததும் இதனால்தான். மத்திய அரசின் மதிப்பீட்டில் குஜராத் கடலில் சுமார் 36 ஜிகாவாட், தமிழகக் கடலில் சுமார் 35 ஜிகாவாட் வாய்ப்பு இருக்கிறது. 2015இல் தேசியக் கடல் காற்றாலைக் கொள்கை வந்தது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது: குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழகத்துக்கு 500 மெகாவாட், இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. ஆனால் செக்கி என்னும் மத்தியச் சூரியமின் கழகம் விடுத்த குஜராத் ஏலமும் தமிழகக் கடற்பரப்புக் குத்தகை ஏலமும் போதிய ஆர்வம் இல்லாமல் 2025இல் ரத்தாகின. பத்தாண்டாகக் கொள்கை இருந்தும் ஒரு கோபுரம்கூட எழவில்லை.

இந்த ரத்தை ஏமாற்றமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த ஏலத்தை வேறு மாதிரி எழுத நேரம் கிடைத்திருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து இன்று அதிகம் வெளிவருவது 2, 3 மெகாவாட் அளவுள்ள நிலக் காற்றாலைகள். 160 மீட்டர் வட்டமுள்ள 5.2 மெகாவாட் இயந்திரம் முந்த்ராவில் நிறுவப்பட்டபோது நாட்டிலேயே பெரிது என்று பேசப்பட்டது. அங்கிருந்து 15க்குத் தாவுவதே பெரும் பாய்ச்சல். இதில் 20, 25 என்று இலக்கை நகர்த்திக்கொண்டே போனால் எந்த முதலாளி இங்கே அச்சு செய்வார்? கணக்கை எளிமையாகப் போடலாம். அரசு உதவி கிடைக்கும் 1,000 மெகாவாட்டுக்கும் சேர்த்து 15 மெகாவாட் காற்றாலைகள் 67 போதும், இறக்கைகள் 201. இருநூறு இறக்கைக்காக நூறு மீட்டருக்கும் நீளமான அச்சும், அந்த இறக்கை சாலையில் போக முடியாது என்பதால் கடலோரத்திலேயே ஒரு தொழிற்சாலையும் போட்டால் கட்டுப்படியாகாது. அதே அளவே அடுத்த பத்தாண்டு ஏலங்களுக்கும் என்று அரசு எழுதிக் கொடுத்தால் இருநூறு ஆயிரமாகும், இரண்டாயிரமாகும். அப்போது தொழிற்சாலை நிற்கும். இறக்கை, கோபுரம், பல்சக்கரப்பெட்டி, ஜெனரேட்டர், சிறப்புத் தாங்கிகள் ஆகியவற்றை அனுமதிக்கப்பட்ட பட்டியலிலிருந்தே வாங்க வேண்டும் என்று 2025 ஜூலையில் மத்திய அரசு விதித்திருப்பதால் இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமாகிறது. உள்நாட்டில் செய்யச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதன் அளவைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல.

எந்த அளவு? என் கருத்தில் 14, 15 மெகாவாட் வகை. சுழல்வட்டம் 220 முதல் 236 மீட்டர். ஐரோப்பாவில் பெரும் எண்ணிக்கையில் நிறுவப்பட்டுவரும் வகை இதுவே. பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்லியா த்ரீ பண்ணை இதே வகையில் 95 காற்றாலைகளைக் கொண்டது. இன்னொரு காரணமும் உண்டு. விண்டபியில் ஒரு சதுர மீட்டர் வட்டத்துக்கு சுமார் 470 வாட் ஜெனரேட்டர். 15 மெகாவாட் இயந்திரத்தில் அது சுமார் 340 வாட். வட்டம் பெரிது, ஜெனரேட்டர் அளவானது. பருவத்தில் அடித்துப் பருவம் போனதும் தணியும் நம் காற்றுக்கு இந்தப் பொருத்தம்தான் வேண்டும். மெலிந்த காற்றிலும் இறக்கை சுழன்று மின்சாரம் தரும். உச்சத் திறன் என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து மயங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இப்படி ஓர் எல்லை வகுப்பது நாம் மட்டும் நினைக்கும் விசித்திரமும் அல்ல. நெதர்லாந்தில் காற்றாலைத் துறையினரே இறக்கை நுனியின் உயரத்துக்கு 1,000 அடி என்று வரம்பு வைக்கும்படி கேட்டார்கள். கப்பல்களும் துறைமுகங்களும் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்பதே காரணம்.

கொச்சியின் பங்கு இங்கே தெளிவாகிறது. காற்றாலைகளை நிமிர்த்தி அடுக்கி அனுப்பும் துறைமுகமாகக் கொச்சி ஆக முடியாது, ஆக முயலவும் வேண்டாம். நூறு மீட்டரைத் தாண்டும் கோபுரங்களைத் துறைமேடையில் நிமிர்த்தி வைத்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள். வில்லிங்டன் தீவிலோ கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானதளம் இருக்கிறது; சுற்றிலும் உயரக் கட்டுப்பாடு. மட்டாஞ்சேரிக் கால்வாயின் பழைய மேடைகளும் அந்த எடைக்காகக் கட்டியவை அல்ல. அந்த வேலை பண்ணைக்கு அருகிலிருக்கும் தூத்துக்குடிக்கு உரியது. கொச்சிக்கு உரியது கப்பல். மன்னார் வளைகுடாவில் காற்று வலுக்கும் மாதங்களில் கடலும் பொங்கும். பணியாளரை ஏற்றிச்செல்லும் சிறு படகு ஒன்றரை மீட்டர் அலை வரைதான் கோபுரத்தோடு ஒட்டி நிற்க முடியும். மின்சாரம் அதிகம் விளையும் நாளில் பழுது வந்தால் படகு கரையிலேயே காத்துக்கிடக்கும். 15 மெகாவாட் இயந்திரம் நின்றால் 500 மெகாவாட் பண்ணையில் முப்பதில் ஒரு பங்குக்கு நெருக்கமான உற்பத்தி போய்விடும். கொச்சியில் கட்டும் பராமரிப்புக் கப்பல் இந்தச் சிக்கலுக்கான விடை. அதன் தளத்திலிருந்து நீளும் நடைபாலம் அலையின் அசைவை உணர்ந்து தானே ஈடுகட்டிக்கொள்ளும். இரண்டரை, மூன்று மீட்டர் அலையிலும் பணியாளர் அதன்மேல் நடந்தே கோபுரத்துக்குப் போவார். வாரக்கணக்கில் கடலிலேயே தங்க அறையும் உண்டு. வில்லிங்டன் தீவில் 6,000 டன் கப்பலைத் தூக்கி நிறுத்தும் வசதியோடு பன்னாட்டுக் கப்பல் பழுதுபார்ப்பு நிலையமும் இருக்கிறது. கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடிக்கு ஒரு நாள் ஓட்டத்துக்கும் குறைவு. பெருங்கால்களை ஊன்றி நிற்கும் நிறுவுகப்பலையும் இங்கே கட்டலாம், எவ்வளவு எடையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று. உலகம் முன்னேறிப் போகும்போது நாம் பழைய அளவில் நின்றால், பத்தாண்டு கழித்து அந்த மாதிரிக்கு உதிரிப்பாகமே கிடைக்காமல் போகாதா? சீமென்ஸ் கமேசா 21 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட மாதிரியைச் சோதித்து வருகிறதே, சீனா 26இல் நிற்கிறதே? கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு மாதிரி பிழைப்பதும் மறைவதும் எத்தனை இயந்திரங்கள் கடலில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. நூற்றுக்கணக்கில் நிற்கும் வகைக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு உதிரிப்பாகம் செய்ய ஆட்கள் இருப்பார்கள். ஒற்றை மாதிரியாகச் சோதனைத் தளத்தில் நிற்பதற்கு அந்த உறுதி இல்லை. சீன இயந்திரங்களின் வேகம் வியக்கத்தக்கது. அவை தம் நாட்டின் மாபெரும் உள்நாட்டுச் சந்தையையும், அங்கேயே கட்டிய கப்பல்களையும், கடலோரத் தொழிற்சாலைகளையும் நம்பி வளர்கின்றன. அந்த மூன்றில் ஒன்றையும் எழுப்பாமல் அவற்றின் அளவை மட்டும் கடன் வாங்க முடியாது. பத்தாண்டு முடிந்தபின் அளவை உயர்த்தத் தடையும் இல்லை. அப்போது நம்மிடம் பழகிய கைகளும் அடைந்த கடனும் இருக்கும்.

மீனவர் பக்கத்திலிருந்து வரும் வாதம் வேறு காரணத்தைச் சொல்கிறது. காற்றாலை பெரிதானால் எண்ணிக்கை குறையும். அப்படியானால் இருப்பதிலேயே பெரிதை வைத்து மீன்பிடிக் கடலைக் காப்பாற்றலாமே என்பார்கள். அடித்தளம் குறைவது உண்மை. கடல் தரையில் அடிக்கும் அடிகளும் குறையும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியக் கடல் பூங்கா. பவளப்பாறையும் கடற்பசுவும் வாழும் அந்த நீரில் ஒவ்வோர் அடியும் பொருட்டானது. ஆனால் பண்ணை பிடிக்கும் பரப்பு இதனால் குறைவதில்லை. ஒரு காற்றாலை கலைத்துவிட்ட காற்று மறுபடி சீராகும் தூரத்தில்தான் அடுத்ததை நிறுத்த முடியும். அது வட்டத்தின் குறுக்களவைப்போல் ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 164 மீட்டர் வட்டமுள்ள 8 மெகாவாட் காற்றாலைகளால் 500 மெகாவாட் பண்ணை அமைத்தால் சுமார் 80 சதுர கிலோமீட்டர் ஆகும். 236 மீட்டர் வட்டமுள்ள 15 மெகாவாட் காற்றாலைகள் என்றால் சுமார் 90. எனவே கடலில் இடத்தை மிச்சப்படுத்தும் வழி இயந்திரத்தைப் பெருக்குவதில் இல்லை. மீனவரின் பாதுகாப்பு பண்ணையை எங்கே வைக்கிறோம், கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைக்கிறோம், கோபுரங்களுக்கு இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் வெளியில் நாட்டுப்படகும் விசைப்படகும் வலைவிட அனுமதி உண்டா என்பவற்றைப் பொறுத்தது. அளவு நிலையாக இருந்தால் முதல் பண்ணைக்கு வகுத்த வழித்தடமும் விதியும் இரண்டாவதற்கும் பொருந்தும். மீனவ சங்கங்கள் ஒவ்வோர் ஏலத்துக்கும் புதிதாகப் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டியிராது.

சூரியமின்சாரம் இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகு கடலில் இறங்குவதே வீண் என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வேன்: மேகம் மூடும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் தென்கோடியின் காற்று உச்சத்தில் இருக்கிறது, இரவிலும் வீசுகிறது. அதன் விலை இன்று அதிகம் என்பது உண்மை. அதைக் குறைக்க ஒரே வேலையை அதே கருவிகளால் மீண்டும் மீண்டும் செய்து கைபழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த ஏல ஆவணத்தில் மெகாவாட்டுக்கும் குத்தகைக் காலத்துக்கும் பக்கத்தில் இன்னும் சில எண்கள் வேண்டும்: சுழல்வட்டத்தின் உச்ச அளவு, இறக்கை நுனியின் உயரம், தனித்தூக்கில் எழும் பெருஞ்சுமையின் எடை, இவை மாறாதிருக்கும் ஆண்டுகள். தூத்துக்குடியில் துறைமேடையை வலுப்படுத்த ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே, சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்க வேண்டும் என்று பொறியாளர் கேட்பார். கொச்சியில் நிறுவுகப்பலுக்கு வரைபடம் போடுபவரும் கிரேன் எவ்வளவு தூக்க வேண்டும் என்று அதையே கேட்பார். இருவருக்கும் ஒரே பதில் போய்ச் சேர வேண்டும். அதை இன்று எழுதிக் கொடுக்கக்கூடியவர்கள் டெல்லியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்திலும் சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் காற்றுசக்தி நிறுவனத்திலும் இருக்கிறார்கள்.